நூற்றுப் பதினெட்டாம் குறை

செவ்வாய்க்கிழமை காலை மணி பதினொன்று நாற்பது. நாலாம் வகுப்பின் முப்பத்து நான்கு பிள்ளைகள் தேர்வை முடித்துவிட்டு எழுந்து போயிருந்தார்கள். முப்பத்தைந்தாவது பிள்ளை இருநூற்றுப் பன்னிரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அவளை வாண்டு என்று கூப்பிடுவார்கள். வயது ஒன்பது.

அது மதிப்பெண் தேர்வு அல்ல. குறை கண்டறியும் தேர்வு. அதன் கேள்விகளை மனிதர்கள் எழுதுவதில்லை, இயந்திரம் எழுதும். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள். ஒன்று சரி. மற்ற மூன்றும் சும்மா போட்ட தவறுகள் அல்ல. ஒவ்வொரு தவறுக்கும் பின்னால் ஒரு குறை இருக்கிறது, ஒவ்வொரு குறைக்கும் ஓர் எண் இருக்கிறது. பிள்ளை எந்தத் தவறைத் தொடுகிறதோ அதை வைத்து அதற்கு எது புரியவில்லை என்று இயந்திரம் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்தவுடன் திரை பச்சையாகும். பிள்ளை விளையாடப் போகலாம். சராசரியாகப் பதினொரு கேள்விகள் போதும்.

வாண்டு எல்லாவற்றையும் சரியாகப் போட்டாள். இயந்திரம் அடுத்த கேள்வியை எழுதியது.

இருநூறுக்குப் பிறகு கேள்விகளின் போக்கு மாறியதாக மேற்பார்வை ஆசிரியை பின்னர் எழுத்துமூலம் தெரிவித்தார். ‘ஒரு தாய்க்கு 52 பிள்ளைகள். 37 பிள்ளைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மீதி எத்தனை?’ வாண்டு 15 என்றாள். ‘ஒரு நாற்காலியில் 81 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். 45 பேர் எழுந்து போனால் எத்தனை பேர் வசதியாக உட்காரலாம்?’ 36. ‘ஒரு குதிரைக்கு 63 கால்கள். 28 கால்கள் ஓய்வெடுக்கின்றன.’ இந்தக் கேள்வியில் என்ன கேட்கிறார்கள் என்பது இல்லை. வாண்டு 35 என்றாள். சரி என்று திரை ஒப்புக்கொண்டது.

மூன்றரை மணிக்குப் பள்ளி மணி அடித்தது. அப்போது கேள்வி எண் 407. வெளியேறும் பொத்தானை அழுத்தியபோது, கண்டறிதல் நிறைவடையவில்லை, இருக்கையில் அமரவும் என்று வந்தது. அறையைப் பூட்ட வந்த காவலாளி சுவரிலிருந்து மின் இணைப்பைப் பிடுங்கினார். இதற்காகப் பிறகு அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது.

மறுநாள் அவளுடைய அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவர் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் நிதானமாகப் பேசிப் பழகியவர்.

“உட்காருங்க. பதட்டப்படாதீங்க” என்றார் தலைமை ஆசிரியை.

அதுவரை பதட்டம் இல்லாமல் இருந்த மெக்கானிக் உட்கார்ந்தார்.

“உங்க பொண்ணுக்கு என்னன்னே தெரியலைங்க.”

“என்ன ஆச்சு மேடம்?”

“நானூத்தி ஏழு கேள்வி. ஒன்னுகூட தப்பாப் போடல.”

“நல்லதுதானே?”

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இத ஏத்துக்க உங்களுக்குக் கொஞ்ச நாள் ஆகும்” என்றார்.

மேசையில் ஐந்தாம் வகுப்புச் சேர்க்கைப் படிவம் இருந்தது. பெயர், வயது, ரத்த வகை எல்லாம் நிரப்பியிருந்தார்கள். ஏழாவது கட்டம் காலி. அதன் தலைப்பு ‘குறை எண்’.

“இது காலியா இருந்தா படிவத்தைக் கம்ப்யூட்டர் வாங்காது.”

“பூஜ்யம்னு போட்டுடுங்களேன்.”

“பூஜ்யமும் ஒரு குறைதாங்க. பூஜ்யத்துக்கு மதிப்பே கிடையாதுன்னு நெனைக்கிற பிள்ளைங்களுக்கு அந்த நம்பர். மூணாங்கிளாஸ்ல ஆறு பேருக்கு இருக்கு. இல்லாததை நாங்க எழுத முடியாது. பொய்யாயிடும்.”

“நம்பர் வரலைன்னா?”

“அடுத்த வெள்ளி கடைசி நாள். அதுக்குள்ள வரலைன்னா நாலாங்கிளாஸ்லயே இருப்பா.”

“எல்லாம் சரியாப் போட்டதுக்கா?”

“தண்டனையா நெனைக்காதீங்க. இன்னும் ஒரு வருஷம் டைம் குடுக்கிறோம். ஏதாவது ஒன்னு வராமலா போயிடும்?”

அவர் குரலில் உண்மையான கனிவு இருந்தது.

*

கற்றல் குறை கண்டறியும் இயக்ககத்தின் தரைத்தளத்தில் ஒன்பது கவுண்டர்கள். பின்னம், பெருக்கல், இடமதிப்பு, பூஜ்யம் என்று ஒவ்வொன்றின் மேலும் பலகை தொங்கியது. பின்னத்தில் கூட்டம் வாசல்வரை நின்றது. மெக்கானிக் ஆள் குறைவாக இருந்த பூஜ்யத்துக்குப் போனார்.

“என்ன குறை?” என்றாள் உள்ளேயிருந்த பெண்.

“குறை இல்லைங்க.”

“அப்ப எதுக்கு வந்தீங்க?”

“குறை இல்லைன்னு சொல்லத்தான்.”

“குறை இல்லாதவங்களுக்குக் கவுண்டர் இல்ல. மேல போய் இணை இயக்குநரைப் பாருங்க. அப்படியே ஓரமா நில்லுங்க, பின்னாடி இருக்கிறவருக்கு நெஜமாவே இருக்கு.”

பின்னால் நின்றவர் பெருமையுடன் முன்னால் வந்தார்.

இணை இயக்குநரின் அறையில் பெரிய மேசை. அதன்மேல் ஒன்றும் இல்லை. மெக்கானிக் சொன்னதை அவர் முழுவதும் கேட்டார். பிறகு எழுந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“முன்னாடியெல்லாம் பிள்ளைங்கள மார்க்கால அளந்தாங்க. எவ்வளவு பெரிய கொடுமை. நாப்பது, அறுபது, தொண்ணூறுன்னு நெத்தியில எழுதி அனுப்பினாங்க. நாங்க அத ஒழிச்சோம். இப்ப ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாப் புரிஞ்சுக்கிறோம். அதுக்கு ஒரு நம்பர் குடுக்கிறோம்.”

“சரிங்க சார்.”

“ஒரு பிள்ளை சரியாப் போட்டா அதுல என்ன தெரியுது? ஒன்னும் தெரியாது. எல்லாரோட சரியும் ஒரே மாதிரிதான். தப்புதான் அந்தப் பிள்ளையோடது. உங்க பொண்ணு நானூத்தி ஏழு தடவ எங்ககிட்ட வாயே திறக்கல. அப்படித்தான் நான் பாக்கிறேன்.”

“அவளுக்குத் தெரிஞ்சதால போட்டிருக்கலாமே சார்?”

“அந்த வாய்ப்பையும் நாங்க ஒதுக்கல. ஆனா அதுக்கு ஆதாரம் வேணும். தப்புக்கு ஆதாரம் இருக்கு. சரிக்கு என்ன ஆதாரம்? குருட்டாம்போக்குலகூட போட்டிருக்கலாம்.”

“நானூத்தி ஏழையுமா?”

“உலகத்துல எத்தனையோ நடக்குது.”

இணை இயக்குநர் மறுபடி உட்கார்ந்தார். வியாழக்கிழமை மறுதேர்வுக்கு எழுதித் தந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “பிள்ளைகிட்ட பேசிப் பாருங்க. வீட்ல ரொம்பக் கண்டிப்பா? ஒரு தப்பு செய்யக்கூட பயப்படுது போலிருக்கே” என்றார்.

*

மெக்கானிக் வீட்டில் பேசிப் பார்த்தார்.

“ஒரே ஒரு கணக்கத் தப்பாப் போடுடா. எங்களுக்காக.”

“எந்தக் கணக்க?” என்றாள் வாண்டு.

“எதையாவது.”

“தப்புன்னா எவ்வளவு தப்பு?”

அவள் அம்மா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்பவள். அவள் அடுக்களையிலிருந்தே சொன்னாள்: “எங்க லேப்ல ரத்தம் நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு எழுதி அனுப்பிடுவோம். நோய் வர்ற வரைக்கும் உறிஞ்சிக்கிட்டே இருக்க மாட்டோம்.”

“அத நீ வந்து அந்தாளுகிட்ட சொல்லு.”

“நான் சொன்னா நல்லா இருக்காது. அதான் உங்கள அனுப்புறேன்.”

வியாழக்கிழமை வாண்டு அப்பா கேட்டபடியே செய்தாள். மூன்றாவது கேள்வியில் 90 என்பதற்குப் பதில் 900 என்று போட்டாள். திரை பச்சையாகவில்லை. ‘கவனக்குறைவு. இது குறை ஆகாது. தொடரவும்’ என்றது. அவள் யோசித்தாள். அடுத்த இருபது கேள்விகளுக்கும் முதல் விடையையே தொட்டாள். திரை சிவப்பானது. ‘விளையாட்டுத்தனம். முதல் எச்சரிக்கை.’

வெளியே வந்து, “தப்பாப் போட்டாலும் தப்புங்குது அப்பா” என்றாள்.

மறுநாள் மெக்கானிக்கை இயக்ககத்தின் மூன்றாம் மாடிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். கதவில் ‘தவறுவிடை வடிவமைப்பு’ என்று எழுதியிருந்தது. முன்பு கணக்கு டீச்சராக இருந்தவள். இயந்திரம் எழுதும் கேள்விகளுக்குத் தவறான விடைகளின் முறையைச் சொல்லிக் கொடுப்பது அவள் வேலை.

“சரியான விடைய மிஷினே போட்டுக்கும் சார். தப்பு போட அதுக்குத் தெரியாது. பிள்ளைங்க எப்படித் தப்பு பண்ணும்னு நாந்தான் சொல்லணும். பன்னெண்டு வருஷமா தப்பு மட்டுந்தான் எழுதறேன்.” ஒரு கணம் நிறுத்தி, “வீட்ல பட்ஜெட் போட விட மாட்டாங்க” என்றாள்.

“எம்பொண்ணு இருபது தப்பு பண்ணாளே, போதாதா?”

“ஒரே குறைல மூணு தடவ தொடர்ந்து வரணும். அதோட, அந்தக் குறை இருக்கிற பிள்ளை எதையெல்லாம் சரியாப் போடுமோ அதையெல்லாம் சரியாப் போடணும். சும்மா தப்பு பண்றது யார் வேணும்னாலும் பண்ணலாம் சார். இதுல ஒரு ஒழுங்கு இருக்கு.”

“குறை இல்லைன்னு ஒரு நம்பர் வச்சிருக்கலாமேம்மா. நான் ஒரு லிஃப்டப் பாக்கப் போனா, அது நல்லா ஓடுனா, நல்லா ஓடுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுவேன்.”

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

“முதல்ல இருந்துச்சு சார். தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது. குறை ஏதுமில்லை. திட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வெள்ளோட்டம் பாத்தாங்க. பிள்ளைங்களுக்கு லீவு. அதனால குழுவில இருந்த பதினாலு பெரியவங்களே உக்காந்து எழுதினாங்க.”

“சரி.”

“பதினாலு பேருக்கும் குறை வந்துச்சு. தலைவருக்கு நாலு. அவங்களுக்கே குறை இருக்குன்னா, குறை இல்லாத ஆளே உலகத்துல கிடையாதுன்னு தீர்மானம் போட்டு அந்த நம்பர எடுத்துட்டாங்க. இணை இயக்குநர்தான் முன்மொழிஞ்சாரு.”

மெக்கானிக் சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நானூற்றுப் பதினாறு குறைகள், விளக்கத்துடனும் உதாரணத்துடனும்.

“நான் குடுத்ததாச் சொல்லாதீங்க. பின்னத்துப் பக்கம் மட்டும் போகாதீங்க சார். அங்க போன பிள்ளைங்க திரும்பி வர்றதில்ல.”

*

அன்று மாலை குடும்பம் புத்தகத்தைச் சுற்றி உட்கார்ந்தது.

“பெருக்கல் வாய்ப்பாட்ட மறக்கிறது, எழுபத்திரண்டு” என்று மெக்கானிக் வாசித்தார்.

“சோம்பேறின்னு நெனைப்பாங்க” என்றாள் மனைவி.

“கடிகார முள்ளு ரெண்டையும் மாத்திப் பாக்கிறது.”

“ஒன்பது வயசுக்கு அசிங்கமா இருக்கும். எதிர்வீட்டுப் பையனுக்கு என்ன?”

“முப்பத்தொன்னு. அவங்கம்மா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கா. சுத்தமான முப்பத்தொன்னாம்.”

“அதுக்குக் கொறஞ்சதா நமக்கு வேணாம்.”

“நாம என்ன புடவையா எடுக்கிறோம்?”

“புடவைன்னா மாத்திக்கலாம். இது படிவத்துல ஏறிடும்.”

கடைசியில் வாண்டுதான் விரலை வைத்தாள். நூற்றுப் பதினெட்டு. கழித்தலில் மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்று பார்க்காமல், ஒவ்வோர் இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிப்பது. 52இலிருந்து 37 போனால் 25. ஐந்தில் மூன்று போனால் இரண்டு. ஏழில் இரண்டு போனால் ஐந்து.

“இது நல்லா இருக்குப்பா. கடன் வாங்கவே வேணாம். யாருக்கும் சண்டை வராது.”

மனைவி விளக்கத்தைப் படித்தாள். ‘முறையாக உழைக்கும் பிள்ளைகளிடம் பரவலாகக் காணப்படுவது’ என்று இருந்தது. அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

ஐந்து நாள் பயிற்சி. 63இல் 28. “நாப்பத்தஞ்சு” என்றாள் வாண்டு. “சபாஷ்” என்றார் அப்பா. 74இல் 29. அவள் தயங்கி “நாப்பத்தஞ்சு” என்றாள்.

“தப்பு.”

“இல்லப்பா, அது சரிதான்.”

“சரிதான். அதான் தப்பு. ஏழுல ரெண்டு?”

“அஞ்சு.”

“ஒன்பதுல நாலு?”

“அஞ்சு. அம்பத்தஞ்சு.”

“இப்பதான் என் பொண்ணு.”

சொன்ன பிறகு அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

செவ்வாய்க்கிழமைக்குள் அவள் தயங்குவதை விட்டுவிட்டாள். புதன்கிழமை மெக்கானிக் வேலையிடத்தில் ஒரு கேபிளின் நீளத்தைக் கழிக்கும்போது கை நின்றது. சக மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஒருமுறை சரிபார்க்கச் சொன்னார். இருபது வருடத்தில் அவர் அப்படிக் கேட்டதில்லை.

வியாழக்கிழமை இரண்டாவது மறுதேர்வு. பெற்றோர் கண்ணாடிக்கு வெளியே நிற்கலாம். ஒரு மரத்தில் 52 மீன்கள், 37 மீன்கள் பறந்து போய்விட்டன. வாண்டு 25ஐத் தொட்டாள். ஒரு டாக்டருக்கு 81 கைகள், 46 கைகளைக் கழுவினார், கழுவாதவை எத்தனை? 45. இயந்திரம் வேகமெடுத்தது. பொறி வைப்பதுபோல் நடுவில் 78இல் 25 என்று கேட்டது. நூற்றுப் பதினெட்டாம் குறை உள்ள பிள்ளையும் இதைச் சரியாகத்தான் போடும். வாண்டு 53ஐத் தொட்டாள். மெக்கானிக் மூச்சை விட்டார்.

பதினொன்றாவது கேள்வியில் திரை பச்சையானது.

உள்ளேயிருந்த ஊழியர்கள் கை தட்டினார்கள். தலைமை ஆசிரியைக்குக் கண் கலங்கியது. “எனக்குத் தெரியும். அவளால முடியும்னு எனக்குத் தெரியும்” என்றார்.

*

வெள்ளிக்கிழமை காலை மூவரையும் இணை இயக்குநர் தன் அறைக்கு அழைத்தார். அவர் மேசையில் இப்போது இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று ஐந்தாம் வகுப்புப் படிவம். ஏழாவது கட்டத்தில் 118 என்று அச்சாகியிருந்தது. முத்திரை மட்டும் பாக்கி.

“பாப்பாவுக்கு முதல்ல வாழ்த்து” என்றார். “எங்க பன்னெண்டு வருஷ சரித்திரத்துல இப்படி ஒன்னு வந்ததில்ல. மத்த பிள்ளைங்களோட நூத்திப்பதினெட்டு ஒழுங்கா இருக்காது. நாலு தடவ வரும், அஞ்சாவது தடவ அதுகளுக்கே சந்தேகம் வந்து சரியாப் போட்டுடும். மிஷின் குழம்பிப்போகும். இவ நூத்துக்கு நூறு. ஒரு பிசிறு இல்ல.”

மெக்கானிக் குறுக்கிட்டார்.

“சார், மறைக்க விரும்பல. நாங்கதான் உக்காந்து சொல்லிக் குடுத்தோம்.”

“எல்லாப் பிள்ளையும் எங்கயோ இருந்துதானே கத்துக்குது. காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. வீட்டுச் சூழல்னு குறிச்சுக்கிறேன்.”

குறித்துக்கொண்டார்.

“அவளுக்குக் கழித்தல் தெரியும் சார். நல்லாவே தெரியும்.”

“அப்பாவுக்கு அப்படித்தான் தோணும். அறிக்கை வேற சொல்லுது.”

இரண்டாவது தாளை அவர் திருப்பி வைத்தார். ஒப்புதல் கடிதம். வாண்டு இனி இயக்ககத்தின் அளவுகோல் பிள்ளை. இயந்திரம் அவளை வைத்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். அவள் அளவுக்கு ஒழுங்காகத் தவறு செய்யாத பிள்ளைகளின் கண்டறிதல்கள் மறுபரிசீலனை செய்யப்படும். அளவுகோல் மாறக்கூடாது என்பதால், பள்ளியிலும் வீட்டிலும் அவள் கழித்தலை நூற்றுப் பதினெட்டின்படியே செய்ய வேண்டும். ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் அவளைத் திருத்தக்கூடாது. அவருக்குத் தனிச் சுற்றறிக்கை போகும். காலம் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது.

“ஒரு மீட்டர் கம்பிய எடுத்துக்குங்க. அது நாளைக்கு வளர்ந்துட்டா உலகத்துல எத அளக்க முடியும்?” என்றார் இணை இயக்குநர்.

“கையெழுத்துப் போடலைன்னா?” என்றாள் மனைவி.

“கட்டாயம் இல்லைங்க. நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல. அப்ப இந்தப் பதிவுக்குச் சம்மதம் இல்லைன்னு அர்த்தம். பதிவு ரத்தாகும். கட்டம் காலியாகும்.” சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “அஞ்சு மணிக்குக் கம்ப்யூட்டர் மூடிடும்.”

மனைவி கணவனைப் பார்த்தாள். மெக்கானிக் தாளை மறுபடி முதலிலிருந்து படித்தார். பேனா அவர் கையில்தான் இருந்தது. இணை இயக்குநர் முத்திரையை மையில் அழுத்தி, படிவத்தின் மேலே பிடித்துக்கொண்டு காத்திருந்தார். சும்மா இருக்க வேண்டாமே என்று பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார்.

“பாப்பாவுக்கு ஏதாவது கேக்கணுமா? தயங்காம கேளு.”

வாண்டு நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

“நான் மறுபடி எப்ப சரியாப் போடலாம்?”